தீர்ந்துபோன சோப்புப் பவுடரும் சிவந்துபோன சட்டையும்

அப்பு, நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. வாஷிங் மெஷினிலிருந்து நுரை பொங்கி ஹால் வரைக்கும் வந்து நிற்க, கட்டிய மனைவி கோபித்துக்கொண்டு வடமதுரையில் அப்பா வீட்டில் உட்கார்ந்திருக்க, கோயம்புத்தூரில் ஒற்றை ஆளாக இருக்கிறவன் என்ன நலமாக இருப்பான் என்று எனக்குத் தெரியாதா? போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்றே சொல்லிக்கொண்டிருப்பாய், அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரும், நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். நம் இருவருக்கும் இது புதிதா என்ன? அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது கத்த முடியாது. கத்தினாலும் அடித்துவிட்டு வேறு எழுதிக்கொள்ளலாம். உன் அம்மா ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பி வைப்பாள். என் கையெழுத்து புரியவில்லை என்று பாதியில் விட்டுவிடாதே, பெரிதாக்கிப் படி.

போன வாரம் நீ கூப்பிட்டது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "அப்பா, துணி துவைக்கிற பவுடர் தீந்துருச்சு. பாத்திரம் கழுவுற லிக்விட மெஷின்ல ஊத்தலாமா?" என்று கேட்டாய். "ஏலே, ஊத்திக் கீத்திராத" என்றேன். "ஊத்திட்டேன்ப்பா" என்றாய். எம்புட்டு என்று கேட்டதற்கு ஒரு டம்ளர் என்றாய். பானகம் கரைக்கிறவன் மாதிரி ஒரு டம்ளர்! எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "கௌசிகிட்ட போனக் குடு, நான் சொல்றேன்" என்றேன். "அவ அவங்கம்மா வீட்டுக்குப் போயிருக்காப்பா" என்று சொன்னாய். எதற்குப் போனாள் என்று நான் கேட்பதற்குள், தரையைத் துடைக்க வேண்டும் என்று வைத்துவிட்டாய். நுரையைப் பற்றி அவ்வளவு விவரமாகச் சொன்னவன், மனைவி ஊருக்குப் போனதை அரை வாக்கியத்தில் முடித்தபோதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அப்பா கேட்டதை விட்டுவிட்டு வேறெதையோ பேசுகிறார் என்பாய். பாத்திரம் கழுவும் லிக்விட் கெட்ட சாமான் இல்லை. மில்லில் நான் பிட்டராக இருந்த காலமெல்லாம் என் சட்டையில் கிரீஸ் இல்லாத இடம் கிடையாது. பவுடருக்கு அசையாத கிரீஸெல்லாம் அந்த லிக்விடில் நாலு சொட்டு விட்டுக் கசக்கினால் விட்டுப் போகும். ஆனால் அது வாளியில், கையால் அலசுகிற துணிக்கு. மெஷின் என்பது மூடிய டப்பா. உள்ளே போட்டு உருட்டினால் நுரைக்கு எங்கே போவது என்று தெரியாது, கதவு வழியாகத்தான் வரும். அதிலும் உங்கள் ஊர் சிறுவாணித் தண்ணீருக்குச் சும்மாவே நுரை பொங்கும். இங்கே திண்டுக்கல் போர் தண்ணீராக இருந்தால் இந்தக் கூத்தில் பாதிதான் நடந்திருக்கும். ஷாம்பு போடலாமா என்று அடுத்து கேட்பாய். போடலாம், வாளியில்தான். பட்டுக்கும் உல்லனுக்கும் அது பவுடரை விட நல்லது. குளிக்கிற சோப்பு போடலாம், ஆனால் நன்றாக அலச வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாகப் படிந்து நிற்கும். எங்கள் உப்புத் தண்ணீரில் அது திரிதிரியாகப் பிரிந்துபோய் துணியில் ஒட்டிக்கொள்ளும், அலசி மாளாது. தரை துடைக்கிற லோஷனை மட்டும் எந்தத் துணிக்கும் கிட்டே கொண்டு போகாதே. ஏன் என்று நீயே அறிவாய்.

அறிவாய் என்றுதான் நினைக்கிறேன். நீ சின்ன வகுப்பில் படித்தபோது உன் அம்மா அவள் தம்பி வீட்டுக் காதுகுத்துக்குச் சாணார்பட்டி போய்விட்டாள். அடுத்த நாள் உனக்குப் பள்ளிக்கூடம். யூனிபார்மைப் பார்த்தால் மண்ணும் மாங்காய்ச் சாறுமாக இருந்தது. பவுடர் டப்பாவைத் திறந்தால் அடியில் ஈரம் பட்டு இறுகிய துண்டு ஒன்றுதான் இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, கழுவுகிற சாமான் எல்லாம் கழுவத்தானே செய்யும் என்று பாத்ரூமில் இருந்த லோஷனை வாளியில் ஊற்றி உன் நீல டிராயரை ஊறப் போட்டேன். காலையில் பார்த்தால் டிராயர் முழுக்க சொட்டுச் சொட்டாக வெளுத்திருந்தது. வேறு டிராயர் இல்லாததால் அதையே மாட்டி அனுப்பினேன். பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் நாற்றம் அடிக்கிறது என்று பையன்கள் கேலி செய்தார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்தாய். அன்று சாயங்காலம் உன் அம்மா திரும்பி வந்தாள். டிராயரை எடுத்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நான் தயாராக நின்றேன். அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள். "வீட்டுத் தரைக்கும் இம்புட்டு வாசமா ஊத்துனீங்களா, இல்ல புள்ளைக்கு மட்டுந்தானா?" என்று கேட்டாள். நீயும் அழுகையை விட்டுச் சிரித்தாய். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் கூடினால் அந்தக் கதையைச் சொல்லி என் மானத்தை வாங்குகிறாள். வாங்கட்டும். துவைக்கத் தெரியாதவன், உங்கள் வீட்டில் வளர்த்த லட்சணம் இதுதானா என்று அன்றைக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் அது என்னோடு நின்றிருக்காது, என்னைப் பெற்றவர்கள் வரைக்கும் போயிருக்கும். அவள் சொல்லவில்லை. அப்போது எனக்கு அதன் அருமை தெரியவில்லை, இந்த வாரம்தான் தெரிந்தது.

ஏனென்றால் நீ போனை வைத்த மறுநாள் சம்பந்தி கூப்பிட்டார். வடமதுரையில் மாட்டுத் தீவனக் கடையில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கே நியாயம் சொல்கிற மனிதர், அன்றைக்குக் குரலே எழும்பாமல் பேசினார். நடந்தது இதுதான் என்று அவர் சொன்னார். நீ சொல்லியிருக்க வேண்டியதை அவர் வாயால் கேட்டது எனக்கு எவ்வளவு சங்கடமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. புதுக் கம்பெனியில் முதல் நாளுக்குப் போட்டுக்கொள்ள நாங்கள் வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்தோமே, அதில்தான் வினை. புதுத் துணி கழுத்தில் அரிக்கும் என்று நீ கௌசியிடம் சொல்லியிருக்கிறாய். அதற்காக அவள் முந்தின நாளே ஒரு தண்ணீரில் அலசிப் போட நினைத்திருக்கிறாள். அரிக்கும் என்று நீ சொன்னதை நினைவில் வைத்திருந்தவள் அவள், அதை மறந்துவிடாதே. சட்டையில் மஞ்சள் கறை இருந்திருக்கிறது. பவுடர் தீர்ந்திருக்கிறது. குளிக்கிற சோப்பை எடுத்துக் கறையில் நன்றாகத் தேய்த்திருக்கிறாள். மஞ்சள் அப்படியே ரத்தம் மாதிரி சிவந்து காலரிலிருந்து நெஞ்சு வரைக்கும் பரவிவிட்டது. பயந்துபோய் மேலும் சோப்பைப் போட, மேலும் சிவந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து நீ உள்ளே வந்திருக்கிறாய்.

நீ கத்தினாய், அது பரவாயில்லை. என் பிள்ளை கத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம். "ஒரு சட்டை துவைக்கக்கூட உங்க வீட்ல சொல்லித் தரலையா?" என்று கேட்டாயாம். அதைத்தான் பரவாயில்லை என்று விட முடியவில்லை. அவளும் வேலைக்குப் போகிறாள், அவளுக்கும் மறுநாள் காலையில் டூட்டி இருந்தது, உன் சட்டையைத் துவைத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நீயே துவைத்திருந்தாலும் அது சிவந்துதான் இருக்கும். பவுடர் இருந்திருந்தாலும் சிவந்துதான் இருக்கும். துணிக்குப் போடும் எந்தச் சோப்பு பட்டாலும் மஞ்சள் சிவக்கும், அதன் குணம் அது. தண்ணீரில் அலசினால் திரும்பவும் மஞ்சளாகும், வெயிலில் போட்டால் போயே போகும். இந்த ஊரில் மஞ்சள் பட்ட துணியைத் துவைத்த எல்லாருக்கும் இது தெரிந்த விஷயம். ஹாஸ்டலிலும் கம்பெனியிலும் இருந்த உங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியவில்லை. தெரியாததில் குற்றம் இல்லை. தெரியாத ஒருவன் தெரியாத இன்னொருத்தியின் அப்பா அம்மாவை இழுத்ததுதான் குற்றம்.

இன்னொன்றும் கேள். அந்த மஞ்சளை வைத்தது யார் என்று நினைக்கிறாய்? உன் அம்மா. புதுத் துணி உடுத்தும் முன் ஓரத்தில் மஞ்சள் வைப்பது நம் வழக்கம்தான். எல்லாரும் விரல் நுனியால் ஒரு பொட்டு வைப்பார்கள். உன் அம்மாவுக்கு மகன் புது வேலைக்குப் போகிறான் என்ற சந்தோஷம். குழைத்த மஞ்சளை அள்ளிக் காலர் உள்பக்கம் அப்பி, அது காய்வதற்குள் மடித்துப் பையில் வைத்துவிட்டாள். மடிப்பில் அது நெஞ்சுப் பக்கமும் ஒட்டிவிட்டது. சம்பந்தி சொன்னதை நான் வந்து சொன்னதும் அவளுக்கு முகமே மாறிவிட்டது. "ஏங்க, எம் மஞ்சளாலயா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு வந்து, "நானே போய்க் கூட்டியாறேன், பாவம் அந்தப் புள்ள" என்று சேலை மாற்றத் தொடங்கினாள். நான்தான் தடுத்தேன். இதெல்லாம் ஆம்பளைங்க பேசித் தீர்க்க வேண்டியது என்று பெரிய மனிதன் மாதிரி சொல்லிவிட்டு, பழமும் காராச்சேவும் வாங்கிக்கொண்டு, வடமதுரை வழியாகப் போகும் திருச்சி பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் போகும்போது எனக்கு ஒரே தெம்பு. சிவந்ததற்கு உங்கள் மருமகன் காரணமில்லை, உங்கள் மகள் காரணமில்லை, என் வீட்டு மஞ்சள்தான் காரணம் என்று சம்பந்தியிடம் சொன்னால் எல்லாரும் சிரித்துவிடுவார்கள், சாயங்காலம் மருமகளோடு திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். சம்பந்தி வாங்க என்று கூப்பிட்டார், காபி வந்தது, ஆனால் என் முகத்தைப் பார்த்து அவர் பேசவில்லை. கடைசியில், "எம் மகளுக்கு நாங்க என்னத்தச் சொல்லித் தரலன்னு மாப்பிள்ளைய வந்து சொல்லச் சொல்லுங்க சம்பந்தி. தெரிஞ்சுக்கிறோம்" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். மஞ்சள் கதையைச் சொன்னேன். மனிதர் முதலில் முறைத்தார், பிறகு மீசைக்குள் சிரித்தார். "சம்பந்தியம்மா அம்புட்டு மஞ்சளையா அப்புனாங்க?" என்று கேட்டார். கௌசி மாடியில் இருக்கிறாள், போய்ப் பாருங்கள் என்று அவரே அனுப்பினார்.

மாடியில் நான் பார்த்ததை உனக்கு எப்படிச் சொல்வது? கொடியில் உன் சட்டை தொங்கியது. கோபித்துக்கொண்டு போனவள் தன் துணிமணியோடு அந்த ஈரச் சட்டையையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே போய்த் தினமும் அலசி அலசி வெயிலில் போட்டிருக்கிறாள். ஒரு துளி மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை, வெளேரென்று இருந்தது. "வாங்க மாமா" என்றாள். முகம் வாடித்தான் இருந்தது. அவளிடமும் மஞ்சள் கதையைச் சொன்னேன். "அத்தை வச்ச மஞ்சளா அது? நான் கடையில ஒட்டுன கறைன்னுல்ல நெனச்சேன்" என்று சிரித்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கிளம்பலாமா அம்மா என்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொன்னாள்: "மஞ்சள யாரு வச்சா என்ன மாமா. அவரு சொன்னது சொன்னதுதான?"

அவன் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் அம்மா என்றேன். அவள் பதறிப்போனாள். "நீங்க ஏன் மாமா கேக்கணும்? நீங்களா சொன்னீங்க?" என்றாள். அதில் கோபம் கூட இல்லை, உள்ளது உள்ளபடி கேட்டாள். மில்லில் ஒரு ஸ்பேர் இல்லாவிட்டால் இன்னொன்றைத் தேய்த்துப் போட்டு மெஷினை ஓட்டியவன் நான். பவுடர் இல்லாவிட்டால் ஷாம்பு, ஷாம்பு இல்லாவிட்டால் சீயக்காய் என்று எதற்கும் ஒரு மாற்று சொல்வேன். அன்றைக்கு மாடியில் நின்றபோது, உனக்கு மாற்றாக நான் செல்லுபடியாக மாட்டேன் என்பது தெரிந்துபோனது. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது என்று சொன்னால் நம்புவாயா? அவளுக்கு வேண்டியது உன்னிடமிருந்து ஒரு சொல். உன்னிடமிருந்து ஒன்றுமே வேண்டாம் என்று நினைக்கிறவள், உன் சட்டையை வெளுக்க வைத்துக்கொண்டு மொட்டை மாடி வெயிலில் நிற்க மாட்டாள்.

இனி சொல்லப் போவதுதான் நான் இத்தனை பக்கம் எழுதியதற்குக் காரணம். கிளம்பும்போது அவள் என்னிடம், "பவுடராவது வாங்கிட்டாரா மாமா?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். வாங்கவில்லை, பாத்திரம் கழுவும் லிக்விடை ஒரு டம்ளர் ஊற்றினான், நுரை ஹாலுக்கு வந்துவிட்டது, இப்போதும் வெறும் துணியைப் போட்டால் கூட நுரை வருகிறது என்று அவன் அம்மாவிடம் சொன்னானாம் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முடியாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். கீழேயிருந்து அவள் அம்மா என்ன ஆயிற்று என்று மேலே வந்துவிட்டார். சிரித்து முடித்தவள், "அய்யோ, மெஷின் கெட்டுப் போயிருமே. அதுக்கு ஒரு வழி இருக்கு மாமா, எங்க ஹாஸ்டல்ல ஒருத்தி இதே வேலையப் பண்ணி வச்சா. அவருகிட்ட சொல்லுங்க, வந்து..." என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். "வேணாம். நீங்க சொல்லாதீங்க. அவரு கேட்டா நானே சொல்றேன்" என்றாள்.

அப்பு, நான் அதற்கு மேல் அந்த வழியைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆகவே என்னிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. உன் வீட்டுக்குக் கீழேயே கடை இருக்கிறது. படியிறங்கினால் பவுடர். ஆனாலும் நீ வாங்கவில்லை, வாளியும் கையுமாகப் பாடுபடுகிறாயாம். வாங்குவது அவள் வேலை என்ற வீம்பு என்று முதலில் நினைத்தேன். உன் அம்மா வேறு மாதிரி சொல்கிறாள். நீ வாங்கி வைத்துவிட்டால் அவள் இல்லாமலே வீடு ஓடுகிறது என்று ஆகிவிடும், அதற்குப் பயந்துதான் வாங்காமல் இருக்கிறாய் என்கிறாள். எது சரி என்று நீதான் சொல்ல வேண்டும். உன் அம்மா சொன்னதுதான் சரி என்றால், அதையே கௌசியிடம் சொல்லு. மன்னிப்பை விட அது அவளுக்குப் பெரிதாக இருக்கும்.

அவளைக் கூட்டிவர வடமதுரைக்குப் போகும்போது ஸ்வீட் பாக்ஸ், பூ என்று தலை தீபாவளிக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி போகாதே. உன் மாமனார் நாலு வார்த்தை கூடத்தான் பேசுவார். பேசட்டும், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது, பேசி முடித்தால் அவரே இலை போடச் சொல்வார். ஆனால் முதலில் பேச வேண்டியது அவரிடம் இல்லை, அவளிடம். உங்கள் வீட்டை இழுத்தது தப்பு என்று சொல்லிவிட்டு நிறுத்து. பின்னாலேயே "ஆனா" என்று ஒன்றை ஒட்டாதே. நம் வீட்டு ஆண்களுக்கு அந்த "ஆனா" இல்லாமல் மன்னிப்புக் கேட்க வராது, எனக்கும் வராது. இந்தத் தலைமுறையில் நீயாவது நிறுத்திப் பழகு. அவளைக் கூட்டிக்கொண்டு நேராக உங்கள் வீட்டுக்குப் போ. வழியில் இங்கே இறங்க வேண்டாம். உன் அம்மா கோழி அடித்துக் குழம்பு வைக்கிறேன் என்று போனில் கெஞ்சுவாள், அதற்கும் மயங்காதே. நாங்கள் இன்னொரு நாள், நீங்கள் இரண்டு பேரும் கூப்பிடுகிற நாளில் வருகிறோம்.

இதைப் படித்து முடித்ததும் உனக்குக் கை துறுதுறுக்கும். என்ன செய்யட்டும், எப்போது போகட்டும், எந்த பஸ்ஸில் போகட்டும் என்று என்னைக் கூப்பிடத் தோன்றும். நானும் போன் மணி அடிக்காதா என்று காத்துக்கொண்டுதான் இருப்பேன். இருந்தாலும் என்னைக் கூப்பிடாதே. அவளைக் கூப்பிடு. நுரையை என்ன செய்வது என்று அவளிடமே கேள்.